தேக்காவில் விற்ற விசிடியும் நான்காம் வகுப்புக் கணக்கும்



1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் சிராங்கூன் சாலையில் நடந்து பழகியவர்களுக்கு அந்தக் கடைகள் நினைவிருக்கும். பூக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே, வாசலில் ஒலிபெருக்கி வைத்து, தமிழ்ப்பட விசிடிகளை வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒரு படம் வாங்கினால் உறைக்குள் இரண்டு தட்டுகள் இருக்கும். நீளமான படமென்றால் மூன்று. கதை சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் தட்டு முடிந்துவிடும். வீட்டில் யாராவது எழுந்துபோய் அடுத்ததைப் போடவேண்டும்.

ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும் என்பதுதான் அதற்குக் காரணம். அன்று நமக்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 74 நிமிடம் அடங்கியதே பெரும் வியப்பு என்பது விளங்கும்.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். விசிடியில் ஒரு படச்சட்டம் என்பது குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் 1,01,376 புள்ளிகள். நிறத்தையும் ஒளியையும் சேர்த்து ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் தேவை. பிட் என்பது கணினியின் மிகச் சிறிய எண்ணலகு. சுழியம் அல்லது ஒன்று. ஒரு நொடிக்கு 25 படச்சட்டங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு 3 கோடியே 4 லட்சம் பிட்டுக்கு மேல் வருகிறது. ஆனால் விசிடியில் படத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்ததோ நொடிக்கு 11.5 லட்சம் பிட்தான். ஏறக்குறைய இருபத்தாறு பங்கில் ஒரு பங்கு!

மீதி இருபத்தைந்து பங்கும் எங்கே போயின? அவற்றை நீக்கிய பிறகும் நாம் எப்படிப் படம் பார்த்தோம்? விலை குறைந்த ஒரு கருவியால் அந்தச் சுருக்கத்தை நொடிக்கு 25 முறை விரித்துக் காட்ட எப்படி முடிந்தது? இவற்றுக்கு விடை தேடிப் படித்தபோது, பெரிய கணிதக் கோட்டைக்குள் நுழையப் போகிறோம் என்றே எண்ணினேன். நுழைந்த பின் பல இடங்களில் என் கண்ணில் பட்டவை தொடக்கப்பள்ளிக் கணக்குகள்தாம். தமிழாசிரியராகிய நான் இந்த வரலாற்றை இங்கே எழுதுவதற்கு அதுவே காரணம்.

"மிகவும் எளிமையானது" என்று மறுக்கப்பட்ட கருத்து

பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972இல் அவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு ஓர் ஆய்வுத் திட்டத்தை அனுப்பி நிதி கேட்டார். படத்தின் புள்ளிகளைக் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதினால், குறைந்த எண்களைக் கொண்டே படத்தைச் சொல்லிவிடலாமா என்பதே அவர் ஆராய விரும்பியது. நிதி கிடைக்கவில்லை. திட்டத்தை மதிப்பிட்டவர்களுள் ஒருவருக்கு அது மிகவும் எளிமையானதாகப் பட்டிருக்கிறது. இதனை அகமது பிற்காலத்தில் எழுதிய நினைவுக் கட்டுரையில் தாமே குறிப்பிட்டிருக்கிறார்.

அவர் கைவிடவில்லை. கோடை விடுமுறைக்கால ஊதியம் இல்லாமலேயே பணியைத் தொடர்ந்தார். அவரோடு உழைத்தவர்கள் இருவர். ஒருவர், தமிழ்க் காதுகளுக்கு நன்கு பழக்கமான பெயரையுடைய அவரது ஆய்வு மாணவர் டி. நடராஜன். மற்றவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பேராசிரியராக இருந்த கே. ஆர். ராவ். மூவரின் பெயரும் தாங்கிய சிறிய கட்டுரை 1974 சனவரியில் வெளிவந்தது. டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் எனப்படும் அந்த முறையை நாம் இங்கே கொசைன் உருமாற்றம் என்று அழைப்போம். விசிடி, டிவிடி, இலக்கத் தொலைக்காட்சி, நாம் அன்றாடம் அனுப்பும் ஜேபெக் நிழற்படம் ஆகிய அனைத்தும் இந்த உருமாற்றத்தின் மீதோ, அதன் வழித்தோன்றல்களின் மீதோ எழுப்பப்பட்டவை.

அதன் உட்கருத்தை மாணவருக்கும் புரியும்படி சொல்ல ஒரு வழி உண்டு. நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம்: 50, 52, 54, 56. அடுத்தடுத்த நான்கு புள்ளிகளின் வெளிச்ச அளவு இவை எனக் கொள்வோம். முதல் இரண்டின் சராசரி 51. அடுத்த இரண்டின் சராசரி 55. இவ்விரு சராசரிகளின் சராசரி 53. இனி, நான்கு எண்களையும் இப்படிச் சொல்லலாம்: "நடு எண் 53, முதல் பாதி அதைவிட 2 குறைவு, இரண்டாம் பாதி 2 அதிகம், ஒவ்வொரு பாதிக்குள்ளும் முதல் எண் 1 குறைவு, அடுத்தது 1 அதிகம்." அதாவது 53, 2, 1, 1. இப்போதும் நான்கு எண்கள்தாம். ஆயினும் ஒன்று மட்டும் பெரியது, மற்றவை சிறியவை. கடைசி இரண்டு சிற்றெண்களையும் சுழியமாக்கிவிட்டால் நமக்குத் திரும்பக் கிடைப்பவை 51, 51, 55, 55. ஒவ்வோர் எண்ணும் ஒன்றே ஒன்றுதான் பிசகியிருக்கிறது. வெளிச்சத்தில் இவ்வளவு சிறிய பிசகைக் கண் எளிதில் காணாது.

கொசைன் உருமாற்றம் இதைவிட நுட்பமானது. விசிடியின் அடிப்படையான எம்பெக் முறையில், எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகளைக் கொண்ட ஒரு கட்டத்தை எடுத்து 64 எண்களாக மாற்றுவார்கள். முதல் எண் கட்டத்தின் பொதுவான வெளிச்சத்தைச் சொல்லும். மற்றவை படிப்படியாக நுண்ணிய மாற்றங்களைச் சொல்லும். நுண்மாற்றங்களைச் சொல்லும் எண்களுள் பெரும்பாலானவை சிறியவை. அவற்றைச் சுருக்கியோ நீக்கியோ விடலாம். எதை விட்டால் கண்ணுக்குத் தெரியாதோ அதை விடுவதே இதன் சாரம்.

4096இலிருந்து 176 வரை

கருத்து வேறு, கருவி வேறு. 64 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்திற்கு இந்த உருமாற்றத்தை நேரடியாகச் செய்தால் 64 × 64 = 4096 பெருக்கல்கள் தேவைப்படும். ஒரு விசிடிப் படச்சட்டத்தில் ஒளிக்கு மட்டும் இத்தகைய கட்டங்கள் 1584 உண்டு. நொடிக்கு 25 சட்டங்கள் வேறு. சில்லுக்குள் பெருக்கல் என்பது செலவு மிகுந்த வேலை. கூட்டலைவிட அதிக இடத்தையும் அதிக மின்சாரத்தையும் அது கேட்கும். எனவே பெருக்கல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே பொறியாளர்களின் தலையாய கவலையாயிற்று.

முதற்படி: கட்டத்தை ஒரேயடியாக மாற்றாமல், முதலில் வரிசை வரிசையாகவும் பின்னர் நிரல் நிரலாகவும் மாற்றுவது. எட்டு வரிசை, எட்டு நிரல், ஆகப் பதினாறு சிறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 64 பெருக்கல். மொத்தம் 1024. விடை மாறவில்லை, உழைப்பு நான்கில் ஒன்றாகிவிட்டது.

அடுத்த படிதான் என்னைக் கவர்ந்தது. 7 × 3 + 7 × 5 என்ற கணக்கில் இரண்டு பெருக்கல்கள் உள்ளன. அதையே 7 × (3 + 5) என எழுதினால் பெருக்கல் ஒன்றுதான். இதனை நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே கற்கிறார்கள். கொசைன் எண்களிடையே ஒழுங்கும் சமச்சீரும் மிகுதி. ஒரே எண் மீண்டும் மீண்டும் தலைகாட்டும். பொதுக் காரணியை வெளியே எடுக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்துகொண்டே போனால் பெருக்கல்கள் உதிர்ந்துகொண்டே வரும். 1977இல் சென், ஸ்மித், ஃப்ராலிக் ஆகிய மூவர் வெளியிட்ட முறையில் எட்டு எண்களுக்குத் தேவைப்பட்ட பெருக்கல்கள் 16 மட்டுமே. 1989இல் லோஃப்ளர் குழுவினர் அதை 11 ஆக்கினர். 16 சிறு வேலைகளுக்கும் சேர்த்து 176. 4096 எங்கே, 176 எங்கே!

இதில் எவரும் விடையைத் தோராயமாக்கவில்லை. அதே வினாவுக்கு அதே விடையை வேறு வழியில் எட்டினார்கள், அவ்வளவே.

ஒருவர் சுமக்க, பலர் இளைப்பாற

படம் அசையாதிருந்தால் இதுவே போதும். அசையும் படத்தில் இன்னொரு சிக்கனத்திற்கு இடமுண்டு. வசந்தம் ஒளிவழியில் செய்தி வாசிப்பவரைக் கவனியுங்கள். அவருடைய உதடும் கண்ணிமையும் அசைகின்றன. பின்னணி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்திலும் பின்னணியைப் புதிதாக அனுப்புவானேன்? "முன்பிருந்ததையே வைத்துக்கொள்" என்றால் போதாதா? ஒரு வண்டி நகர்ந்தால், "அந்தக் கட்டத்தை மூன்று புள்ளி வலப்புறம் நகர்த்து" என்றால் போதும். நகர்ந்த கட்டத்திற்கும் உண்மைப் படத்திற்கும் உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் கொசைன் உருமாற்றத்தால் சுருக்கி அனுப்பலாம்.

எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். 16க்கு 16 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தை, முந்தைய சட்டத்தில் எல்லாத் திசைகளிலும் 7 புள்ளி தூரம் வரை தேடுவதாகக் கொள்வோம். 15 × 15 = 225 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 கழித்தல்கள். ஒரு விசிடிச் சட்டத்தில் 396 கட்டங்கள். நொடிக்கு 25 சட்டங்கள். மொத்தம் நொடிக்கு 57 கோடிக் கழித்தல்கள்!

இங்கும் ஓர் எளிய வழி பிறந்தது. 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் கோகாவும் அவர் குழுவினரும் மூன்று படித் தேடல் என்ற முறையை முன்வைத்தனர். முதலில் நடுவிலும், 4 புள்ளி தள்ளிச் சுற்றிலும் எட்டு இடங்களிலும் பார். எது மிகவும் ஒத்திருக்கிறதோ அங்கே போ. அங்கிருந்து 2 புள்ளி தள்ளி எட்டு இடங்களில் பார். பிறகு 1 புள்ளி தள்ளிப் பார். 9 + 8 + 8 = 25 இடங்கள். வேலை ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. எப்போதும் மிகச் சிறந்த இடத்தையே கண்டுபிடிக்கும் என்ற உறுதி இல்லைதான். பெரும்பாலும் போதிய அளவு நல்ல இடத்தைக் கண்டுவிடும். "நான் நினைத்த எண் எது?" என்று பிள்ளைகள் விளையாடும்போது நூற்றுக்கு நடுவில் ஐம்பதைக் கேட்டுத் தொடங்குகிறார்களே, அதே உத்தி.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். இத்தனை தேடலும் சுருக்குபவரின் தலையில்தான். விரிப்பவருக்குத் தேடலே இல்லை; "மூன்று புள்ளி வலம்" என்ற குறிப்பைப் படித்து எடுத்துவைத்தால் போதும். 1988இல் கூடிய எம்பெக் வல்லுநர் குழு வகுத்த முறை இவ்வாறு சுமையை ஒருபக்கமாக வைத்தது. படத்தைச் சுருக்குவது ஒரு தடவை, ஓரிடத்தில். விரிப்பது இலட்சக்கணக்கான வீடுகளில். ஆகவே வீட்டுக் கருவி எளியதாக, மலிவானதாக இருக்கலாம். வீட்டில் இரவு வெகுநேரம் விழித்துப் பாடத்தைத் தயாரிக்கும் ஆசிரியருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

அந்த எளிய விரிப்பு வேலையைக்கூட அன்றைய வீட்டுக் கணினிகளால் தடையின்றிச் செய்ய இயலவில்லை. அதற்கென்றே தனிச் சில்லு தேவைப்பட்டது. பொதுவான கணினிச் செயலியை அரிவாள்மனைக்கு ஒப்பிடலாம், எதையும் நறுக்கும். தனிச் சில்லு இடியாப்ப அச்சைப் போன்றது. வேறெதற்கும் உதவாது, இடியாப்பம் பிழிவதில் மட்டும் அதற்கு நிகர் கிடையாது. கலிபோர்னியாவில் 1988இல் தொடங்கப்பட்ட சி-கியூப் நிறுவனம், எம்பெக் படத்தை விரிக்கும் முழு வேலையையும் ஒரே சில்லுக்குள் அடக்கியது. 1993இல் விசிடிக்கான பொதுத் தரநிலை வந்தது. அதே ஆண்டு சீனாவின் ஹெஃபெய் நகரில் வான்யான் நிறுவனம் சி-கியூப் சில்லைக் கொண்டு விசிடிக் கருவியைச் செய்தது. பல நிறுவனங்கள் பின்தொடர, விலை சரிந்தது. நாடாவில் பூஞ்சை பிடிக்கும் நம் புழுக்கமான வட்டாரத்தில் தட்டுகளுக்கு வரவேற்பு பெருகியது. தேக்காவின் கடைகளில் தமிழ்ப்படங்கள் தட்டு வடிவில் குவிந்ததன் பின்னணி இது.

நம் சிங்கப்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீ ஆன் கல்விக்கழகத்தில் பயின்ற சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டையால் உலகப் புகழ் பெற்றது. 1990களின் பிற்பகுதியில் அந்நிறுவனம், டிவிடிப் படங்களை விரிப்பதற்கான தனி அட்டையைச் சேர்த்துக் கணினித் தொகுப்புகளை விற்றது. கணினியின் செயலி திணறாமல் இருக்க, சுமையைத் தனி வன்பொருள் ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் செயலிகள் வேகம் பெற்றதும் அந்த அட்டைகள் மறைந்தன. 2023 சனவரியில் சிம் வோங் ஹூ காலமானபோது செய்தித்தாள்கள் ஒலியட்டையைப் பற்றியே மிகுதியும் எழுதின.

தனிச் சில்லின் கதை அத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. கைத்தொலைபேசி வந்தது, மின்கலம் என்ற புதிய கவலையும் உடன் வந்தது.

இரண்டால் பெருக்குதல்

அதைச் சொல்வதற்கு முன் 2003ஆம் ஆண்டைக் குறிப்பிடவேண்டும். அந்த ஆண்டு எச்.264 என்ற புதிய தரநிலை வெளிவந்தது. கொசைன் எண்கள் முடிவில்லாத் தசம எண்கள். மூன்றில் ஒன்றை ஒருவர் 0.33 என்றும் மற்றொருவர் 0.333 என்றும் எழுதினால் கணக்கு போகப் போக விலகிச் செல்லும் அல்லவா? அதுபோலவே, வெவ்வேறு கருவிகள் கொசைன் எண்களை வெவ்வேறு விதமாக முழுமையாக்கியதால், சுருக்கியவர் கண்ட படமும் விரித்தவர் கண்ட படமும் சிறுகச் சிறுக வேறுபட்டன.

எச்.264 அந்தச் சிக்கலை வேரோடு நீக்கியது. கொசைன் எண்களுக்குப் பதிலாக அவற்றை ஒத்த முழு எண்களை வைத்தார்கள். எந்த எண்கள் தெரியுமா? நாலுக்கு நாலான அடிப்படை உருமாற்றத்தில் 1, 2 ஆகியவையும் அவற்றின் எதிர்மங்களும் மட்டுமே! ஒன்றால் பெருக்குவது வேலையே இல்லை. இரண்டால் பெருக்குவது? நாம் பத்தால் பெருக்கும்போது வலப்பக்கம் ஒரு சுழியம் சேர்க்கிறோம். கணினி இரண்டின் அடிப்படையில் எண்ணுவதால், அதற்கு இரண்டால் பெருக்குவது ஒரு சுழியம் சேர்ப்பது போன்றது. ஆக, அந்த உருமாற்றத்தில் பெருக்கல் என்பதே ஒழிந்தது. கூட்டலும் கழித்தலும் இடம் நகர்த்தலும் எஞ்சின. தேவைப்பட்ட மீதி அளவுத்திருத்தத்தை, எண்களைச் சுருக்கும் அடுத்த படியோடு சேர்த்துவிட்டார்கள்.

4096 பெருக்கலில் தொடங்கிய பயணம் பெருக்கலே இல்லாத இடத்திற்கு வந்து சேர்ந்தது. எல்லா எந்திரத்திலும் விடை ஒன்றே.

மெல்லச் செய்தால் மின்சாரம் மிஞ்சும்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவின் திறந்தவெளிகளில், புல்தரையில் அமர்ந்து கைத்தொலைபேசியில் ஊரிலிருக்கும் மனைவி மக்களோடு முகம் பார்த்துப் பேசும் வெளிநாட்டு ஊழியர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிறு கருவி ஒரே நேரத்தில் அவர் முகத்தைச் சுருக்கி அனுப்பவும் வேண்டும். குழந்தையின் முகத்தை விரித்துக் காட்டவும் வேண்டும். 1280க்கு 720 புள்ளிகள், நொடிக்கு 30 சட்டங்கள் எனில், சுருக்காத படம் நொடிக்கு 33 கோடி பிட். வலையமைப்பில் அதைச் சில பத்து இலட்சம் பிட்டுக்குள் அடக்கவேண்டும். விசிடிக் காலத்தில் தனி நிலையங்களில் நடந்த சுருக்கல் வேலை, இப்போது ஒரு கட்டுமான ஊழியரின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. சுவர்மின்சாரமும் இல்லை.

இங்கேதான் அனந்த சந்திரகாசனின் பெயர் வருகிறது. சென்னையில் பிறந்து, உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா சென்றவர். பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது 1992இல், சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் சேர்ந்து குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லுகளைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார்.

அதன் கருத்தும் எளியதே. சில்லு செலவழிக்கும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு செயலுக்கும் ஆகும் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆனால் சில்லு மெதுவாகிவிடும். அதனால் என்ன? ஒரே வேலையாளை ஓட ஓட விரட்டுவதற்குப் பதிலாக, இரண்டு வேலையாட்களை நிதானமாக வேலை செய்ய விடுவோம். மொத்த வேலை குறையாது. அவர்கள் காட்டிய ஓர் எடுத்துக்காட்டில், அதே சுற்றை இரட்டிப்பாக்கி மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டுக்கு இறக்கியபோது, மின்திறன் பழைய அளவில் 36 விழுக்காடாகக் குறைந்தது. சில்லின் பரப்பு கூடியது, மின்செலவு இறங்கியது. படத்தை விரிக்கும் வேலைக்கு இது மிகவும் பொருந்தும். நொடிக்கு 25 அல்லது 30 சட்டங்கள் வந்தால் போதும். அதைவிட விரைவாக விரித்து யாருக்கும் பயனில்லை.

1994இல் அவர்கள் வெளியிட்ட, கையில் எடுத்துச் செல்லும் பல்லூடகக் கருவிக்கான சில்லுத் தொகுப்பு, படத்தை விரிப்பது உட்படப் பல வேலைகளை 5 மில்லிவாட்டுக்கும் குறைவான மின்திறனில் செய்தது. பின்னர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சந்திரகாசனின் குழு, விவியன் ஸீ, மெகுல் டிகேகர் முதலியோரின் உழைப்பில், 2013இல் எச்.265 படத்தை விரிக்கும் சில்லு ஒன்றைக் காட்டியது. 3840க்கு 2160 புள்ளிகள், நொடிக்கு 30 சட்டங்கள். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 25 கோடிப் புள்ளிகள். சில்லு எடுத்துக்கொண்ட மின்திறன் 0.1 வாட்டுக்கும் குறைவு. 5 வாட் மின்விளக்கு ஒன்றோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

அச்சில்லில் இன்னொரு சிக்கனமும் இருந்தது. படத்தின் பழைய சட்டங்கள் சில்லுக்கு வெளியே உள்ள நினைவகத்தில் இருக்கும். அங்கே போய்வருவதற்குக் கணக்கிடுவதைவிட அதிக ஆற்றல் செலவாகும். ஒவ்வொரு மிளகாய்க்கும் ஒருமுறை தேக்கா சந்தைக்கு யாராவது ஓடுவார்களா? வாரத்திற்கு வேண்டியதை வாங்கி அடுக்களையில் வைத்துக்கொள்கிறோம். சில்லும் அடிக்கடி தேவைப்படும் புள்ளிகளைத் தன்னுள்ளேயே ஒரு சிறு இருப்பாக வைத்துக்கொண்டது. சந்திரகாசன் 2025இல் எம்.ஐ.டி.யின் புரோவோஸ்ட் என்னும் உயர் கல்விப் பொறுப்பை ஏற்றார்.

தமிழ் வகுப்பில் இதற்கென்ன இடம்?

பெற்றோர் சிலர் இப்படிக் கேட்கக்கூடும். என் விடை இதுதான். நம் நாட்டில் தமிழ்வழிக் கல்வி முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன்பின் நம் பிள்ளைகள் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திலேயே கற்கிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரிய மொழியாக ஒடுங்கிவிடும் அபாயம் இருக்கிறது. காரணி, சராசரி, இருமடி என்ற சொற்களை அவர்கள் தமிழில் கேட்கும் இடம் நம் வகுப்பைத் தவிர வேறெங்கும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கடைக்காரர், வாடிக்கையாளர் உரையாடல் பயிற்சி நடந்தது. ஒரு பொட்டலம் 48 காசு, 25 பொட்டலம் எவ்வளவு என்று "வாடிக்கையாளர்" கேட்டார். "கடைக்காரராக" நின்ற மாணவன் தயங்காமல் பன்னிரண்டு வெள்ளி என்றான். எப்படி என்றேன். "இருபத்தைந்து நான்கு நூறு. நாற்பத்தெட்டில் பன்னிரண்டு நான்கு இருக்கிறது. அப்படியென்றால் பன்னிரண்டு நூறு," என்றான். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பின்போது இதைப் பாராட்டிச் சொன்னேன். அவன் தாயார் முகம் வாடியது. "அதுதான் டீச்சர் கவலையாக இருக்கிறது. எதற்கும் குறுக்கு வழி தேடுகிறான். துணைப்பாட வகுப்பில் இதற்காகவே திட்டு வாங்குகிறான்," என்றார்.

அந்தத் தாயின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தேர்வில் படிநிலைகளைக் காட்டத்தான் வேண்டும். மற்றவர் சரிபார்க்க முடியாத விடை பாதி விடைதான். ஆனால் அந்தச் சிறுவன் படிகளைத் தாண்டவில்லை. அவனிடம் படிகள் இருந்தன. அவை குறைவாக இருந்தன. 4096ஐ 176 ஆக்கியவர்கள் செய்ததும் அதுவே. "உன் வழி ஏன் சரி?" என்ற கேள்விக்குப் பிள்ளை விடை சொல்ல முடிந்தால் அது கணிதம். சொல்ல முடியாவிட்டால்தான் நாம் கவலைப்படவேண்டும். அந்தத் தாயாரிடமும் இதைத்தான் சொன்னேன்.

கடினமான கணக்குகளைத் தேடித் தேடிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எளிய கணக்கு என்றால் சிறிய வகுப்புக்குரியது என்று ஒதுக்குகிறோம். 1972இல் ஓர் ஆய்வுத் திட்டத்தைப் படித்த மதிப்பீட்டாளரும் அப்படித்தான் ஒதுக்கினார். பேராசிரியர் ஒருவருக்குத் தம் கருத்தின் மீது நம்பிக்கை வைத்து உழைக்கும் உறுதி இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த உறுதியை யார் தருவது? நாம்தான் தரவேண்டும்.

ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் செய்து பார்க்க இரண்டு விளையாட்டுகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது: நான்கு மாணவரை வரிசையில் நிறுத்தி அவர்களுடைய உயரங்களை எழுதச் செய்யுங்கள். மேலே சொன்னபடி சராசரியாகவும் வேறுபாடுகளாகவும் மாற்றி, அந்த எண்களை மட்டும் வகுப்பின் மறுபக்கம் உள்ள குழுவிடம் கொடுங்கள். அவர்கள் உயரங்களைத் திரும்பக் கண்டுபிடிக்கட்டும். பிறகு சிறிய வேறுபாடுகளை அடித்துவிட்டு மீண்டும் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு பிசகு, யாருக்கு அது தெரிகிறது என்று தமிழிலேயே விவாதிக்கட்டும். இரண்டாவது: 225 கட்டங்கள் வரைந்த தாளில் ஒரு கட்டத்தை மனத்துள் நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஒரு கட்டத்தைச் சுட்டும்போது "கிட்ட வந்தாய்", "விலகிப் போனாய்" என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை கேள்வியில் கண்டுபிடிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். குறைந்த கேள்வியில் கண்டுபிடித்தவரிடம், எப்படி என்று மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

செய்து பார்த்தவர்கள் தங்கள் வகுப்பில் நடந்ததை எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்